கத்திரியில் ஊதாத சங்கு

என் தங்கச்சி வீட்டில் மத்தியானம் தூங்குகிற சுகம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. எளாவூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் அவள் ஊர். தளம் போட்ட மெத்தை வீடு, ஃபேன் உண்டு, ஆனால் கரண்ட் மனசு வைத்தால்தான் ஃபேன். கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஈரப் புடவையைத் தொங்கவிட்டு, சிமெண்ட் தரையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பாய்கூடப் போடாமல் இரண்டு பேரும் கிடந்தோம். நடுவில் தூளி. தூளிக்குள் அவள் மகள், ஏழு மாசம். ஒரு கால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கணக்கு பாதித் தூக்கத்தில்தான் வரும். குழம்பு கொதிக்கும்போது வரும், ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் வரும். உட்கார்ந்து பேனாவை எடுத்தால் வராது, அப்படி ஒரு திமிர் அதற்கு. அன்றைக்கும் ஏதோ ஒரு கோடு கண்ணுக்குள் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று, வரவேண்டியது எதுவோ வரவில்லையே என்று விழிப்புத் தட்டியது. மணியைப் பார்த்தேன். இரண்டேகால். சங்கு ஊதவில்லை.

அவள் ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு கம்பெனி இருக்கிறது. இறாலை உறையவைத்துக் கப்பலில் அனுப்புகிற இடம். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குச் சங்கு ஊதுவார்கள். காலையில் ஆறு மணிச் சங்கு ஊதினால் தங்கச்சி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அப்படிப்பட்ட சங்கு இரண்டு மணிக்கு மூச்சுக்கூட விடவில்லை.

“கத்திரியில மத்தியான சங்கு ஊத மாட்டாங்கக்கா,” என்றாள் தங்கச்சி, கண்ணைத் திறக்காமலே. “நம்ம ஊருக்காவ. புள்ளைங்க தூங்குதுல்ல.”

கதை இதுதான். கம்பெனி வந்த புதிதில் ஒரு சித்திரையில் ஊர்க்காரர்கள் கம்பெனிக்குப் போய், மத்தியானச் சங்கு குழந்தைகளை எழுப்பிவிடுகிறது, வெயில் காலத்திலாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் “பார்க்கலாம்” என்றாராம். அடுத்த சில நாளில் கத்திரி பிறந்தது, சங்கு நின்றது. ஊருக்கு ஒரே சந்தோஷம். அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது முதல் குண்டான் கம்பெனி கேட்டுக்குப் போகும். பம்பை முன்னால், குண்டான் பின்னால், கூடவே கருவாட்டுக் குழம்பு. கேட்டில் இருக்கிறவர்களும் ஆபீஸில் இருக்கிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பயபக்தியோடு வாங்கிக் குடிப்பார்கள். எதற்காக இந்தக் கூழ் என்று அவர்கள் கேட்டதில்லை. இவர்களும் சொன்னதில்லை.

“நல்ல மனுசங்கக்கா, அந்தக் கம்பெனிக்காரங்க,” என்றாள்.

“அப்படியா?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தூக்கம் போயே போய்விட்டது. ஊர் தூங்கட்டும் என்று சங்கை நிறுத்துகிற கம்பெனியை நான் கும்மிடிப்பூண்டியில் கனவில்கூடப் பார்த்ததில்லை.

நான் படித்தது அலை. அதைச் சொல்லிவிட்டு ஒரு மனுஷி நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. “கடல் அலையா?” என்பார்கள். இல்லை என்றால், “அப்ப வேற இன்னா அலை கீது?” என்பார்கள். என் மாமியார் சொந்தக்காரர்களிடம் நான் ரேடியோ ஸ்டேஷனில் வேலை செய்வதாகவே சொல்லிவைத்திருந்தார். ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார் நான். இருப்பது திருநின்றவூரில். தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு ரயிலில் சென்ட்ரல் வந்து, இன்னொரு ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முட்டி மடங்கி வர வேண்டும். ஆனாலும் வருவேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. பத்து வார்த்தை பேசினால் ஒன்பதில் சண்டை வரும், அது வேறு விஷயம்.

அலை என்பது பரவுகிற ஜாதி. ஒரு கல்லைப் போட்டால் குளம் பூராவும் போய்விட்டு வரும். அதை முழுசாகக் கணக்குப் போடுவது உயிரை எடுக்கிற வேலை. ஆனால் அலையின் ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் உள்ள தூரம், அது போகிற இடத்தோடு பார்த்தால் ரொம்பச் சின்னது என்று வையுங்கள். அப்போது அலை தன் குணத்தை மறந்துவிட்டு, கோடு போட்ட மாதிரி ஒரு வழியில் போகும். அந்த வழியைக் கதிர் என்போம். கதிர் எங்கே நேராகப் போகும், எங்கே வளையும் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், அலையைப் பிடித்த மாதிரிதான். இதற்குத்தான் அதிக அதிர்வெண் கணக்கு என்று பெயர். அதிக அதிர்வெண் என்றதும் காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம் என்று என் மாணவர்களே எழுதுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதுதானே விஷயம்? கம்பெனிச் சங்கின் அலை ஒன்றரை முழம் இருக்கும். வயலோ கண்ணுக்கெட்டின தூரம். அந்த வயலுக்கு முன்னால் அந்தச் சங்கு அதிக அதிர்வெண்தான்.

என் ஆராய்ச்சி, கதிர்கள் எல்லாம் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வருமே, அந்த இடத்தைப் பற்றியது. டீ டம்ளரில் வெயில் விழுந்தால் உள்ளே வளைந்த வெளிச்சக் கோடு ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். அங்கே போனால் கதிர்க் கணக்கு உளற ஆரம்பிக்கும், வெளிச்சத்துக்கு அளவே இல்லை என்று விடை சொல்லும். அந்த உளறலைச் சரிசெய்வதில் என் இளமை போனது. வெளிச்சம் கூடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், கதிரே போகாத இடத்தைப் பற்றி நான் அவ்வளவாக யோசித்ததில்லை.

மறுநாள் தங்கச்சி வீட்டுக்காரரின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். தலையில் முந்தானை. ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி ஒரு மினுமினுப்பு. வண்டி கிட்டே போனால் தண்ணீர் தள்ளித் தள்ளிப் போகும். சரியாக இரண்டு மணிக்கு என் தலைக்கு மேலேயே சங்கு அலறியது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு தங்கச்சிக்கு போன் போட்டேன்.

“கேக்குதா?” என்று கத்தினேன்.

“இன்னா கேக்குதா? ஏன் கத்துற? பாப்பா தூங்குது.” பிறகு அவளே, “இரு, இரு. போன்ல சங்கு கேக்குதுக்கா,” என்றாள்.

“வாசலுக்குப் போய்க் கேளு.”

கதவு திறக்கிற சத்தம். “போன்லதான்க்கா கேக்குது. ஊட்டாண்ட ஒண்ணுமே கேக்கலை.” அவள் குரல் சின்னக் குழந்தையின் குரல் போல ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவளுக்குத் தெரிந்த நடவை வைத்துச் சொன்னேன். “வரிசையா நின்னு நடுறீங்க இல்ல? ஒரு ஓரத்துல இருக்கறவ கை வேகம், இன்னொரு ஓரத்துல இருக்கறவ மெதுவுன்னா வரிசை இன்னா ஆவும்?”

“கோணிக்கும். மெதுவா நடுறவ பக்கமா திரும்பிக்கும்.”

“அவ்வளவுதான்டி. சூடான காத்துல சத்தம் வேகமாப் போகும். இந்த வெயில்ல தரையை ஒட்டின காத்துதான் ரொம்பச் சூடு. சத்தத்தோட கீழ் ஓரம் வேகமா ஓடுது, மேல் ஓரம் மெதுவா வருது. அதனால மொத்தச் சத்தமும் மேல் பக்கமாத் திரும்பி உங்க ஊருக்கு மேலே ஏறிப் போயிடுது. காலையில தரை குளிர்ந்து கிடக்குமே, அப்போ இதுவே தலைகீழா நடக்கும். சத்தம் கீழே வளைஞ்சு உன் டம்ளர்ல வந்து விழும்.”

அவள் கூரையைப் பார்த்தாள். “அப்ப அவனுங்க எங்களுக்காவ நிறுத்தல,” என்றாள்.

“இல்லை.”

“தினிக்கும் ஊதிக்கினேதான் இருந்தானுங்க?”

“தினமும்.”

“கூழு குடிச்சானுங்களே! கருவாடு வேற!” எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தரையில் உருண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, முகம் சுண்டிப் போயிற்று. ஒரு ஊரே நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, காற்றுக்கு.

அன்று சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி தாண்டியதும் கண் சொக்கியது. வெளியே வயல், நடுவில் ஓடு போட்ட ஷெட்டுகள், மறுபடி வயல். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சங்குச் சத்தம் ஒரு நீளமான துணியாக மிதந்துபோவது மாதிரி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. கீழே வீடுகள், மனிதர்கள், ஆடுகள், தூளி. மேலே துணி. ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தச் சொக்கலில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து தங்கச்சிக்கு போன் போட்டேன்.

“ஏய், அந்தக் கம்பெனியில குளிர்பதனத்துக்கு அமோனியா இருக்குல்ல? லீக் ஆனா ஊர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சங்கு ஊதுவாங்க. விட்டு விட்டு ஊதுனா ஊட்ட வுட்டு ஓடணும்னு சொல்லிக்கீறாங்க.”

“எந்தச் சங்கு?”

ரயில் சத்தம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, “அதே சங்குதான்க்கா,” என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. தங்கச்சிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கோயில் குளமெல்லாம் சுற்றி, ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கடைசியில் பிறந்தவள் அந்தக் குழந்தை. மத்தியான நேரத்தில் வீட்டில் அவளும் குழந்தையும்தான். வீட்டுக்காரர் வயலில் இருப்பார். கத்திரியில் காற்று செத்துப்போய் ஓர் இலைகூட அசையாத நேரம் அது. குளிர்ந்த வாயு வெளியே வந்தால் தரையோடு தவழ்ந்து எந்தப் பக்கமும் வரும். சங்கு அலறிக்கொண்டே இருக்கும், இவள் தூளியை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை.

கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போனேன். ஆரணிக்காரர், நல்ல மனிதர், ரூமுக்குள்கூட ஹெல்மெட்டைக் கழற்றாதவர். “மாசா மாசம் டெஸ்ட் பண்றோம் மேடம். ஊர்ல எல்லாருக்கும் கேக்குதுன்னு பெரியவங்களே சொல்றாங்க,” என்றார்.

“எத்தனை மணிக்கு சார் டெஸ்ட் பண்றீங்க?”

“காலையில ஏழு மணிக்கு. வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்.”

“அதுதான் சார் வம்பே!” என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்கு வாய் அப்படி. அவர் கோபப்படாமல் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சியை நானே பல நாள் நம்பியதில்லை. “வாங்க சார், போய்க் கேட்டுட்டே வந்துடலாம்,” என்றேன். ஆளை வைத்துச் சங்கை நிறுத்தாமல் ஊதச் சொல்லிவிட்டு, அவர் வண்டியை ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தேன்.

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வது? முதலில் சத்தம் எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. வேலிக்காத்தான் மரங்களைத் தாண்டியதும் அதன் கூர் முதலில் போனது. கீச்சென்று இருந்தது மழுங்கி, வெறும் ஊம் என்று ஆனது. கதிர் போகாத அந்த நிழலுக்குள் கொஞ்சம் கசிந்து வருவது அந்தத் தடிச்ச சத்தம்தான், கீச்சுச் சத்தத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. மதகைத் தாண்டினோம். அதுவும் போயிற்று. அவர் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். ஒன்றுமே இல்லை. வெயில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ரோட்டின் மேல் அந்தப் பொய்த் தண்ணீர் அசைந்தது. வானத்திலிருந்து வருகிற வெளிச்சம் சூட்டில் மேலே வளைந்து கண்ணுக்கு வருவதால்தான் அந்தத் தண்ணீர் தெரிகிறது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் அங்கே ஒரே கணக்குதான். நான் வாழ்நாளெல்லாம் பலகையில் எழுதி அழித்த சமன்பாட்டுக்குள் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

“ஊதறதை நிறுத்திட்டானா?” என்று அவர் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டார். போனுக்குள் சங்கு அலறியது.

ஊர் முகப்பில் பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் இருக்கிறது. “ஏறிப் பாருங்க சார்,” என்றேன். அவர் ஹெல்மெட்டோடு ஏணியில் ஏறினார். பாதிக்கு மேல் போனதும் நின்றார். இரண்டு படி இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார்.

“மேடம், இங்க கேக்குது மேடம்!” என்று மேலிருந்து கத்தினார். “ஒரு படி எறங்கினா போயிடுது! ஏறினா வந்துடுது!”

நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலே அந்த மனிதர் சத்தத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். கீழே ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. காகிதத்தை விட்டு ஒருநாளும் வெளியே வராதது, ஒரு மனிதரின் தலைக்கும் காலுக்கும் நடுவில் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நின்றது.

இறங்கி வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இங்கேயே ஒரு சங்கு வெச்சிடலாம் மேடம்.” வைக்கவும் செய்தார்கள். டேங்க் மேல் தனியாக ஒன்று. ஷிப்டுக்கெல்லாம் ஊதாது, ஆபத்துக்கு மட்டும். தங்கச்சியிடம் சொல்ல நான் பறந்து போனேன். கட்டிப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

“உனுக்கு வேற வேலையே இல்லியாக்கா?” என்றாள்.

“இன்னாடி சொல்ற?”

“பாப்பா ராத்திரி பூரா முழிச்சிக்கினு கீது. மத்தியானம் அந்த ரெண்டு மணி நேரந்தான் அது தூங்குது, நான் மனுசியா இருக்குறேன். ஊரு நடுவுல சங்க வெச்சிட்டு வந்து நிக்கிற. இன்னிக்கு ஆபத்துக்குன்னு சொல்வானுங்க, நாளைக்கு ஷிப்டுக்கும் ஊதுவானுங்க. தெருவுல எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க, உங்கக்கா ஏன் எங்களப் பேஜார் பண்றாங்கன்னு.”

“ஆபத்து வந்தா தெரிய வேணாமா?”

“இத்தினி வருசமா வந்துச்சா? சும்மா இருந்த எடத்துல நீ வந்து பயத்த வெச்சிட்ட. புள்ள பெத்திருந்தா உனுக்குத் தெரியும்.”

எனக்குக் குழந்தை இல்லை. அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. “தூங்கிக்கிட்டே மூச்சடைச்சுப் போனாப் பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டேன், குழந்தையை வைத்துக்கொண்டு. அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன். ஆட்டோவில் இருந்த லாரி டிரைவர் ஒருவர் எனக்கு ஏதோ சாவு என்று நினைத்து முன் சீட்டைக் கொடுத்தார்.

கத்திரி முடிந்தது, வெயில் முடியவில்லை. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார். அதிகம் பேசாத ஆள். “அண்ணி, மத்தியானத்துல நான் கயனில கீறேன். அதுவும் பாப்பாவும்தான் தனியா. நீங்க சொல்றது எனுக்குப் புரியுது. அதுங்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான் தெரியல,” என்றார்.

“டேங்க் சங்க ஒரு தடவ மத்தியானம் ரெண்டு மணிக்கு ஊதிப் பாக்கணும் தம்பி. காலையில பாத்துப் பிரயோஜனம் இல்ல. அந்த ஒரு தடவைக்கு மட்டும் அவளை ஒத்துக்கச் சொல்லுங்க.”

போனுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. “அவளயே வந்து பக்கத்துல குந்தச் சொல்லு. பாப்பா எழுந்து அழுதுச்சின்னா அவதான் தூக்கிக்கினு நடக்கணும், சாயங்காலம் வரிக்கும்.” அது சமாதானம்தான். எனக்குத் தெரியும் அவள் பாஷை. அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

குழந்தை வளர்ந்திருந்தாள். என் முகத்தைக் கண்டதும் ஈறு தெரியச் சிரித்தாள். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபோது சண்டையாவது மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது. தங்கச்சி எனக்குத் தட்டில் சோறு போட்டு, கேட்காமலே இன்னொரு மீன் துண்டு வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு மணிக்குக் குழந்தை தூளியில் உறங்கினாள். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். ஈரப் புடவை வழியாக வெளிச்சம் பச்சையாக விழுந்து அறையே குளத்தின் அடி போல இருந்தது. அங்கேயே இப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி போன் செய்தார். “ஊதலாமா மேடம்?”

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் எழுந்து தூளிக்குள் இரண்டு கையையும் விட்டுக் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“ஊதுங்க சார்.”

சங்கு ஊதியது. அடேயப்பா! டேங்க் பக்கத்துத் தெருதான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அலமாரியிலிருந்து ஒரு மூடி விழுந்து தரையில் சுற்றியது. தெருநாய்கள் எல்லாம் ஊளையிட்டன, காக்காய்கள் கூட்டமாகக் கிளம்பின, எதிர்வீட்டு இரட்டைக் குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன, யாரோ ஒரு அம்மாள் கம்பெனிக்காரன் பரம்பரையையே திட்ட ஆரம்பித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கேட்கிறது! ஊர் பூராவும் கேட்கிறது! எழுந்து ஆடாத குறை.

தூளியை எட்டிப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் முகத்தில் ஒரு பெருமை. பார்த்தியா, எப்படிப் பொத்திட்டேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். வியர்த்து ஒரு கை வழுக்கியது. ஒரு காது திறந்துகொண்டது. அவள் அவசரமாக மறுபடி பொத்தப் போனாள், பொத்தவில்லை. கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் இன்னொரு கையையும் மெல்ல எடுத்தாள்.

சங்கு அலறிக்கொண்டே இருந்தது. குழந்தையின் இமைகூட அசையவில்லை. தூளிக்கு வெளியே தொங்கிய கால்விரல்கள் பூப்போலச் சும்மா கிடந்தன.

சங்கு நின்றது. நாய்கள் நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் தங்கச்சியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. என் கையில் போன் பேசிக்கொண்டிருந்தது. “கேக்குதா மேடம்? மேடம், அங்க கேக்குதா?”

“கேக்குது சார்,” என்றேன்.

தங்கச்சி தூளியின் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தையையே பார்த்தபடி நின்றாள். அழவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கிற முகம் அது.

“இன்னொரு தபா ஊதச் சொல்லுக்கா,” என்றாள்.

சொன்னேன். ஊதினார்கள். எதிர்வீட்டுக் குழந்தைகள் மறுபடி வீறிட்டன. எங்கள் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள்.